கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஓடாத புகையிரதம்

திருகோணமலைக்குப் புகையிரதம் 1927ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டிலே மட்டக்களப்பும் அப்பேற்றினைப் பெற்றது. கிழக்கிலங்கையின் இவ்விரு பட்டினங்களும் ஒரே கடலைப் பார்த்திருப்பவை. கரையோர வீதியால் செல்வதாயின் இடைத்தூரம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் புகையிரதத்திலே செல்ல விரும்புபவர், தம்பலகாமம், கந்தளாய் தாண்டித் தென்மேற்கே கல்லோயாச் சந்தி வரை உள்நாட்டுக்குள் போய், அங்கே இறங்கி, கொழும்பிலிருந்து வரும் மற்றைய வண்டிக்குக் காத்திருந்து, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனாணை, வாழைச்சேனை எனச் சுற்றி வரவேண்டும். மொத்தம் 190 கிலோமீற்றருக்கும் அதிகம். தேசப்படத்தில் இவ்விரு பாதைகளும் ஒரு கவண்கட்டையின் இரு கிளைகளைப் போலத் தோன்றும். அக்கிளைகளுக்கு நடுவே அகப்பட்ட நிலத்திலேதான் மூதூர், தோப்பூர், கிளிவெட்டி, சேருவில, ஈச்சிலம்பற்று, வெருகல், கதிரவெளி, வாகரை ஆகிய ஊர்கள் உள்ளன. இவற்றில் எதற்கும் ஒருநாளும் புகையிரதம் வந்ததில்லை.

இந்த வெற்றிடத்தைப் பற்றி நான் மீண்டும் சிந்திக்கக் காரணமானவர் கனடாவிலே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர். நண்பர் ஒருவரின் மகன். பெற்றோரின் ஊர் ஈச்சிலம்பற்று. கணினியிலே புகையிரதம் ஓட்டும் பொழுதுபோக்கில் ஈடுபாடு கொண்ட அவர், திருகோணமலையிலிருந்து தம் பெற்றோரின் ஊருக்கு ஒரு கற்பனைப் பாதை அமைத்துக்கொண்டிருக்கிறார். "மாமா, கடல் தெரியிற மாதிரி எங்கெங்கே ஸ்டேஷன் போடலாம்? வடிவான இடங்களாச் சொல்லுங்கோ" என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார். வடிவான இடங்களுக்கு அப்பகுதியிலே பஞ்சமில்லை. ஆனால் நான் திருப்பிக் கேட்டவை வேறு கேள்விகள். அந்த வண்டியில் யார் ஏறுவார்கள்? எதை ஏற்றுவார்கள்? பாதை போடப் பணம் கொடுத்தவர் யார்? இவற்றுக்கு விடை தேடப் புறப்பட்டால், கற்பனைப் பாதை கொட்டியாரப்பற்றின் மெய்யான வரலாற்றுக்குள் நம்மை இழுத்துச் சென்றுவிடுகிறது.

இப்பொழுதுபோக்கினை அறியாத வாசகர்களுக்குச் சில வரிகள். ஜப்பானில் 1996இல் வெளியான 'டென்ஷா டே கோ' என்ற விளையாட்டு, சாரதியின் ஆசனத்தில் அமர்ந்து மின்வண்டியை ஓட்டும் அனுபவத்தைப் பலருக்கும் பழக்கியது. 2001இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ட்ரெயின் சிமுலேட்டர் வந்தது. அதனுடன் ஆறு பாதைகள் தரப்பட்டன. ஐரோப்பாவில் இரண்டு, அமெரிக்காவில் இரண்டு, ஜப்பானில் இரண்டு. நமது உபகண்டத்துக்கு எதுவுமில்லை. ஆனால் புதிய பாதைகளைத் தாமே அமைத்துக்கொள்வதற்கான கருவியும் அதற்குள்ளேயே இருந்தது. அதனைக் கொண்டு இந்திய ஆர்வலர்கள் தங்கள் ஊர்ப் பாதைகளையும் இயந்திரங்களையும் உருவாக்கத் தொடங்கினர். அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவின் ட்ரெயின்ஸ் வந்தது. பின்னர் ஆர்வலர்களே கூடி ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருளை ஆக்கினர். நிலத்தை மேடாக்கித் தாழ்த்தி, தண்டவாளம் பதித்து, பாலம் கட்டி, மரம் நட்டு, நிலையத்துக்குப் பெயர்ப்பலகை வைத்து, நேரசூசி எழுதி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே பாதையோடு மாரடிப்பவர்களும் உளர்.

இல்லாத பாதைக்கு வரலாறு எழுதுவது புதிய பைத்தியமன்று. தோமஸ் என்ற நீல இயந்திரத்தின் கதைகளை எழுதிய இங்கிலாந்துப் பாதிரியார் வில்பேர்ட் ஓட்றி, தம் கதைகள் நிகழ ஓர் இடம் தேடியபோது, 'சோடோர் அண்ட் மான்' என்றொரு மறைமாவட்டம் இருப்பதைக் கவனித்தார். மான் என்ற தீவு கடலில் இருந்தது. சோடோர் என்ற தீவு எங்குமில்லை. அந்த இடைவெளியில் அவர் தமது தீவை வைத்தார். பிறகு தம்பியாரோடு சேர்ந்து அதற்குத் தேசப்படம், சுரங்கங்கள், துறைமுகங்கள், குடும்பப் பெயர்கள் வரை ஆக்கி, 1987இல் தனி நூலாகவே வெளியிட்டார். நம்மவரான ஆர். கே. நாராயண், 1930இல் ஒரு விஜயதசமி நாளிலே எழுத அமர்ந்தபோது மனத்திலே முதலில் எழுந்தது மால்குடி என்ற சிறிய புகையிரத நிலையம்தான் எனத் தன்வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். ஊர் பிறகுதான் வளர்ந்தது. அந்த மால்குடியைத் தொலைக்காட்சிக்காகப் படம்பிடித்த கர்நாடகத்து அரசாளு நிலையத்தில், 2020இல் மால்குடி பெயரால் ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டுவிட்டது. கற்பனை நிலையம் மெய் நிலையத்தின் பலகைக்கு ஏறிய விந்தை அது!

இனி நமது பாதைக்கு வருவோம்.

இலங்கையில் புகையிரதப் பாதைகள் மக்களின் பயண வசதியை முன்னிட்டுப் போடப்பட்டவையல்ல. 1867இல் கண்டிக்குப் பாதை ஏறியது கோப்பிக்காக. கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் அதே பாதை மலைமேல் ஊர்ந்து ஊர்ந்து 1924இல் பதுளையை அடைந்தது. 44 அடிக்கு 1 அடி என்ற ஏற்றம், 100 மீற்றர் ஆரம் மட்டுமே கொண்ட வளைவுகள் என அத்தனை செலவையும் தேயிலைப் பெட்டிகள் தாங்கின. 1914இல் தலைமன்னார் வரை பாதை போனது தனுஷ்கோடியோடு கப்பல்வழித் தொடர்பு கொள்வதற்காக. தோட்டங்களுக்கு வேண்டிய கூலித் தொழிலாளர் அவ்வழியே வந்தனர். திருகோணமலைக்குப் பாதை வந்ததற்குத் துறைமுகமே காரணம். சீனக்குடாவிலே பிரித்தானியர் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டு வீசியதை நமது மூத்த தலைமுறை மறக்கவில்லை. புகையிரதப் பாதை சீனக்குடாவைத் தொட்டுச் செல்வது தற்செயலானதன்று.

கொட்டியாரப்பற்றிலோ விளைந்தது நெல். உள்ளூர் நெல்லுக்காகத் தண்டவாளம் போட லண்டனில் யாரும் பங்கு வாங்கமாட்டார்கள். என் கருத்தில், ஈச்சிலம்பற்றுக்குப் புகையிரதம் வராமைக்கு முதற்காரணம் இதுவே.

இத்தனைக்கும் கொட்டியாரம் அந்நியருக்குத் தெரியாத மூலையன்று. 1659இல் மசூலிப்பட்டினத்துக்கு அண்மையில் புயலிலே பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, புதிய மரம் தேடிக் கொட்டியாரக் குடாவுக்குத்தான் வந்தது. அதில் வந்த றொபேர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்து தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. காட்டு மரத்தின் பெருமை அக்காலத்திலேயே கடலோடிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நமது இளைஞரின் பாதைக்கு முதற் சரக்கு கிடைத்துவிட்டது: முதிரை, பாலை மரங்கள். நெல்லும் விறகும் கருவாடும் மாடுகளும் அடுத்தபடி.

இரண்டாவது காரணம் நீர். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கடலை அணுகும்போது பிரிந்துவிடுகிறது. பெரிய கிளை கொட்டியாரக் குடாவிலே விழுகிறது. மற்றொன்று வெருகல் ஆறாக, ஈச்சிலம்பற்றின் தெற்கு எல்லையாகக் கடலில் கலக்கிறது. இடையில் உள்ளது வண்டல் நிலம், களப்பு, உப்பாறு, சதுப்பு. குடாவின் வாயைக் குறுக்கே பாலத்தால் கடக்கலாமா என்று அந்த இளைஞர் கேட்டார். கூடாது. கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் மாபெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. துறைமுகத்தின் புகழ்பெற்ற ஆழம் அதனால் வந்தது. எனவே குடாவைச் சுற்றித்தான் போக வேண்டும். சுற்றிப் போனால் ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு பாலம். பிரித்தானியப் பொறியியலாளர் மகாவலியை ஒரே தடவை, அது பிரிவதற்கு முன்னர், மன்னம்பிட்டியில் இரும்புப் பாலத்தால் கடந்து மட்டக்களப்புக்குப் போனார்கள். கணக்கறிந்தவர்கள்! அந்தப் பாலத்தையும் சிக்கனமாகவே பாவித்தனர். 2007இல் தனி வீதிப் பாலம் அமையும் வரை லொறியும் பேருந்தும் புகையிரதமும் அந்த ஒற்றைப் பாலத்திலேயே முறைவைத்துச் சென்றன.

பாலங்கள் இல்லாத கரையோர வீதியின் கதையைப் பழையவர்களிடம் கேட்க வேண்டும். கிழக்கிலே நாம் 'பாதை' என்று சொல்வது வீதியை மட்டுமன்று. ஆற்றைக் கடக்க வாகனங்களையும் மனிதரையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கும் அதே பெயர்தான். கிண்ணியாவிலும் கங்கையிலும் வெருகலிலும் 'பாதை'க்காகக் காத்திருந்த நேரம், பயண நேரத்தைவிட அதிகமாக இருந்த நாட்கள் உண்டு. மாரியிலே ஆறு பெருகினால் அதுவும் நின்றுவிடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனையடுத்த சில ஆண்டுகளில் ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் வந்து, திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு இறங்காமல் செல்லும் வீதி முதன்முறையாக உண்டானது. மன்னம்பிட்டிப் பாலத்தில் புகையிரதம் ஓடத் தொடங்கி ஏறத்தாழ 80 ஆண்டுகளின் பின்!

பாதை எவ்வழியே செல்வது என்பதில் எங்கள் இருவருக்கும் நீண்ட விவாதம் நடந்தது. அவர் விரும்பியது கடலோரம். மூதூர், சம்பூர், இலக்கந்தை, இலங்கைத்துறை முகத்துவாரம் என அலைகளைப் பார்த்தபடியே போகும் பாதை. காட்சிக்கு அதுவே உகந்தது. நான் சொன்னது உள்வழி. தம்பலகாமம் நிலையத்தில் பிரிந்து, வயல்களூடாகக் களப்பின் தென்புறத்தைச் சுற்றி, மகாவலியைக் கடந்து, தோப்பூர், கிளிவெட்டி, சேருவில வழியாக ஈச்சிலம்பற்றை அடைந்து வெருகலில் முடியும் பாதை. நெல் விளையும் ஊர்கள் இவ்வழியில்தான் உள்ளன. கடலோரப் பாதைக்கு இன்னொரு தடையும் உண்டு. 1964 டிசம்பரில் திருகோணமலைப் பகுதியைத் தாக்கிக் கடந்த அதே புயல்தான், தனுஷ்கோடியில் ஒரு புகையிரதத்தையே பயணிகளோடு கடலுக்குள் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் தென்னிலங்கைப் பெரலியவில் கரையோரப் பாதையில் நின்ற வண்டியை ஆழிப்பேரலை புரட்டியதில் 1,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே காலையில் ஈச்சிலம்பற்றுக் கரையும் அழிந்தது. தம் பெற்றோர் வாயால் அந்தக் காலையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடலைக் காட்டுவதற்கு வெருகலுக்கு அருகே ஒரே ஓர் இடம் போதும் என்று அவரே முடிவு செய்தார்.

நிலத்தின் அளவுகளை இவர்கள் எங்கிருந்து பெறுகிறார்கள் என்பது சுவையான செய்தி. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ராடார் அலைகளால் நிலவுலகின் பெரும்பகுதியின் உயரங்களை அளந்தது. அத்தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அந்த ராடாருக்குக் காட்டின் மேற்பரப்புக்கும் தரைக்கும் வேறுபாடு சரியாகத் தெரியாது. வெருகல் காட்டு மரங்களின் தலைகள் கணினியிலே சிறு குன்றுகளாகி நிற்கின்றன. சமதரையான கிளிவெட்டி வயல்களோ அளவையின் தளம்பலால் மேடும் பள்ளமுமாகத் தெரிகின்றன. ஆகாயத்திலிருந்து பார்த்த இயந்திரம் வயலைக் குன்றென்றும் காட்டை மலையென்றும் சொல்கிறது. ஊரறிந்தவர் ஒருவர் பக்கத்திலிருந்து, இது வயல், இது குளக்கட்டு, இது ஆற்றுப்படுகை என்று திருத்த வேண்டியிருக்கிறது. அந்த இளைஞருக்கு இவ்வேலையைத் தொலைபேசியில் செய்துகொடுத்தவர் அவருடைய அம்மம்மா. எண்பது வயதைத் தாண்டிய அப்பெண்மணி கணினித் திரையைப் பார்க்காமலே வரம்புகளின் திசையைச் சொன்னாராம்.

தாழ்ந்த நிலத்தில் அணை எழுப்பித் தண்டவாளம் போடுகையில் மற்றொரு பிரச்சினை உண்டு. வெள்ளம் வடிய மதகுகள் போதாவிட்டால், புகையிரத அணை ஒரு குளக்கட்டாகி, மேற்புறத்து ஊர்களை மூழ்கடித்துவிடும். கணினியில் ஆறு பெருகுவதில்லை, ஊர் மூழ்குவதுமில்லை. ஆனாலும் சில நூறு மீற்றருக்கு ஒரு மதகு வையுங்கள் என்று வற்புறுத்தினேன். வைத்திருக்கிறார்.

தண்டவாளத்தின் அகலம் பற்றியும் பேசினோம். இலங்கையின் பிரதான பாதைகள் 5 அடி 6 அங்குல அகலம் கொண்டவை. களனிப் பள்ளத்தாக்கிலும் நுவரெலியா, இராகலைப் பக்கத்திலும் செலவைக் குறைப்பதற்காக 2 அடி 6 அங்குல ஒடுக்கப்பாதைகள் போடப்பட்டன. கொட்டியாரத்துக்கு யாராவது உண்மையிலேயே பாதை போட்டிருந்தால் அது ஒடுக்கப்பாதையாகவே இருந்திருக்கும். 1928இல் களனிப் பாதைக்கு வந்த சென்ரினல் நீராவிப் பெட்டிவண்டி இதற்கு மிகப் பொருத்தம். ஒற்றைப் பெட்டிக்குள்ளேயே கொதிகலனும் பயணிகளும். ஆனால் இளைஞரின் மனம் வேறொன்றில் பதிந்திருந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா நமக்கு வழங்கிய எம்2 ரக டீசல் இயந்திரங்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. ஒன்ராறியோவில் பிறந்த பிள்ளை, ஒன்ராறியோ என்ற இயந்திரத்தை ஈச்சிலம்பற்றுக்குக் கொண்டுபோக ஆசைப்படுவதை நான் எப்படித் தடுப்பேன்? அகலப்பாதை என்றே தீர்மானமாயிற்று.

இயந்திரம் தீர்மானமானதும் காலமும் தீர்மானமாகிவிட்டது. 1950களின் பிற்பகுதி. அல்லைத் திட்டத்தினால் வெருகல் ஆற்று நீர் வயல்களுக்குப் பாயத் தொடங்கிய காலம். நெல் ஏற்றப் பாதை வேண்டும் என்று சுதந்திர இலங்கையின் அரசாங்கம் நினைத்திருக்கக்கூடிய ஒரே காலமும் அதுவே. இங்கே நான் அவருக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டியிருந்தது. புகையிரதம் நெல்லை வெளியே மட்டும் கொண்டுபோவதில்லை. ஆட்களை உள்ளேயும் கொண்டுவரும். பொலன்னறுவைப் பாதை போடப்பட்ட சில ஆண்டுகளில் மின்னேரியாவில் குடியேற்றம் தொடங்கியது. அல்லையிலும் பாதையில்லாமலே குடியேற்றம் நடந்து, அப்பகுதியின் சனத்தொகைக் கணக்கும் தேர்தல் தொகுதிகளின் எல்லையும் மாறின. தண்டவாளமும் இருந்திருந்தால் அம்மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்ந்திருக்கும். புகையிரதம் வராதது இழப்பு மட்டுமே என்று கூற என்னால் இயலவில்லை.

இதே நீரை முன்னிட்டு 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதும், அதிலிருந்து மீண்டும் போர் மூண்டதும், ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கு ஓடியதும், நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டதும் நாம் செய்தியாக எழுதியவை. அவர்கள் நடந்த வழியிலேதான் இந்தக் கற்பனைப் பாதையின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் செல்கிறது. இடம்பெயர்ந்தவர்கள் 2007இலும் அதன் பின்னரும் கட்டங்கட்டமாகத் திரும்பினர். செய்மதிப் படத்தில் சில கிராமங்கள் இன்றும் பற்றைக்காடாகவே தெரிகின்றன. இலங்கைத்துறை முகத்துவாரத்துக்கு லங்காபட்டுன என்ற பெயரும் பலகையில் ஏறிவிட்டது. 1950களின் பாதை என்பதால் நிலையப் பலகைகளில் அக்காலத்துப் பெயர்களையே எழுதுவதென இளைஞர் உறுதியாக இருக்கிறார். இலங்கை வழக்கப்படி சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும். ஈச்சிலம்பற்று என்பதா, சிலர் எழுதுவதுபோல ஈச்சிலம்பத்தை என்பதா என்ற கேள்வி எழுந்தது. ஈச்சம் பற்றைகள் நிறைந்த இடம் என்றும், நிர்வாகப் 'பற்று' என்றும் இருவிதமாகப் பொருள் சொல்வாருண்டு. அம்மம்மா சொல்லும் உச்சரிப்பு ஒன்று, கச்சேரிக் கடிதத்தில் உள்ளது வேறொன்று. கச்சேரி வென்றது. புகையிரதத் திணைக்களமும் அரசாங்கத் திணைக்களம்தானே!

மற்றொரு வேண்டுகோளையும் விடுத்தேன். கந்தளாய்க் காட்டிலும் சேருவிலப் பக்கத்திலும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகள் வையுங்கள். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் மட்டக்களப்புப் பாதை வண்டி மோதி ஆறு யானைகள் ஒரே இரவில் இறந்தன. இந்த மென்பொருளில் யானை குறுக்கே வராதாம். வராவிட்டாலும் பலகை இருக்கட்டும்.

இப்போது நேரசூசி எழுதிக்கொண்டிருக்கிறார். நாளொன்றுக்கு இரண்டு கலப்பு வண்டிகள். முன்னே சரக்குப் பெட்டிகள், பின்னே இரண்டு மூன்றாம் வகுப்புப் பெட்டிகள். ஆவணியில் வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்குத் திருகோணமலையிலிருந்து இரவு விசேட வண்டி. கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரிகர் அதில் ஏறமாட்டார்கள். ஆனாலும் அவர்கள் நீர் அருந்த ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கிணறு வைத்திருக்கிறார். மார்கழி மாதத்துக்கு மாத்திரம் தனியாக ஒரு பக்கம். அதில் கிளிவெட்டிக்கு அப்பால் எந்த வண்டியின் நேரமும் குறிக்கப்படவில்லை. 'வெள்ளம் வடியும் வரை சேவை இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறது.